இல்லை என்று சொல்லத் தெரியாத நிரல்

மனு வாசிப்பு இயக்ககத்தில் யாரும் மனுக்களை வாசிப்பதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். வாசிப்பதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் அங்கே அவ்வளவு இருந்தன. அவற்றை முடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து வாசிக்கலாம் என்றுதான் முப்பத்திரண்டு வருடமாக எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மனுவுக்கு எண் போட வேண்டும், எண்ணுக்குப் பதிவேடு போட வேண்டும், பதிவேட்டுக்கு அட்டை போட வேண்டும். அட்டை வாங்க டெண்டர் விட்டதில் முளைத்த வழக்கு ஒன்று இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மற்ற துறைகளாவது தாமே வாசித்துக்கொள்ளட்டும் என்றால் அதற்கும் வழியில்லை. 'வாசிக்கப்பட்டது' என்று இந்த இயக்ககம் சான்று தராத எந்த மனு மீதும் எந்தத் துறையும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே இடமாற்றம் கேட்டு வந்த மனுக்கள் மட்டும் நாற்பத்தோராயிரம் சேர்ந்துவிட்டன. அத்தனையையும் தட்டச்சர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார்கள். இனி அந்தக் கம்ப்யூட்டரே வாசித்துக்கொள்ளட்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்ற, ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒரு பெண்ணை நியமித்தார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. கோப்பில் இருந்ததால் அதை யாரும் வாசிக்கவில்லை. கம்ப்யூட்டரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

கம்ப்யூட்டரம்மா இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் அந்த நாற்பத்தோராயிரத்தில் ஒரு மனு. அது அவள் தங்கையுடையது. தங்கை ஒன்பது மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வருடத்துக்கு ஒரு முறை கரையேறுவார். தங்கைக்கு வாரத்தில் நாலு நாள் இரவுப் பணி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆளில்லை. அதனால் நாலு வயதுப் பெண் குழந்தை பெரியம்மா வீட்டில் வளர்ந்தது. இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டுத் தங்கை மூன்று முறை எழுதிவிட்டாள். இடமாற்றப் பட்டியல் வருடத்துக்கு ஒரு தடவைதான் போடுவார்கள். இந்த வருடத்துப் பட்டியல் மாதக் கடைசியில் மூடப்போகிறது.

வேலையை அவள் மூன்றே நாளில் முடித்தாள். அவள் செய்த முதல் தப்பு அதுதான்.

ஒரு கடிதத்தை முழுசாகப் படிக்கிற பெரிய நிரல் ஒன்றை எழுத அவள் முயலவே இல்லை. அப்படி முயன்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதை அவள் பார்த்திருக்கிறாள். குட்டி குட்டியாக ஒன்பது நிரல்கள் எழுதினாள். ஒன்றுக்கு எண்ணை மட்டும் அடையாளம் தெரியும். ஒன்றுக்குக் காற்புள்ளி. ஒன்றுக்கு ஊர்ப்பெயர், இன்னொன்றுக்குப் பதவிப்பெயர். ஒவ்வொன்றும் கடிதத்தின் முனையை மட்டும் பார்க்கும். தனக்குத் தெரிந்தது அங்கே இருந்தால் அதைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததிடம் கொடுக்கும். இல்லாவிட்டால் 'இல்லை' என்று சொல்லி, வாங்கிய கடிதத்தைக் கசங்காமல் திருப்பிக் கொடுத்துவிடும். அவற்றின் சாமர்த்தியம் மொத்தமும் அவ்வளவுதான். இவற்றைக் கோக்க மூன்று வழி: இதற்குப் பின் அது, இது இல்லையென்றால் அது, 'இல்லை' என்று சொல்லும் வரைக்கும் திரும்பத் திரும்ப இதுவே. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எந்தக் கடிதத்தையும் பிரித்து மேய்ந்துவிடலாம்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, குழந்தை மேசைக்கடியில் பாத்திரங்களை உருட்ட, அவள் தங்கையின் மனுவைக் கொடுத்துப் பார்த்தாள். பெயர், பதவி, இருக்கும் ஊர், கேட்கும் ஊர், காரணம் என்று ஐந்து வரியும் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றன. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாற்பத்தோராயிரத்தையும் ஒரு மதியத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். தேதி அப்போது ஐந்து.

இயக்குநர் ஏழாம் தேதி ஆய்வுக் கூட்டம் போட்டார். அவர் கோப்புகளைத் திறக்க மாட்டார். மேலே உள்ளங்கையை வைத்து எடை பார்ப்பார். கம்ப்யூட்டரம்மாவின் அறிக்கை இரண்டே பக்கம் என்பதால் முகம் சுளித்தார். பக்கத்தில் கண்காணிப்பாளர், சட்டைப் பையில் மூன்று நிறப் பேனாக்களுடன்.

"இந்த 'இல்லை'ங்கிறது என்னம்மா?" என்றார் இயக்குநர்.

"தேடினது அங்க இல்லைன்னா அந்தக் குட்டி நிரல் 'இல்லை'ன்னு சொல்லும் சார். அப்பதான் அடுத்தது முயற்சி பண்ணும்."

"யாரைக் கேட்டுச் சொல்லும்?"

"யாரையும் கேக்காது சார். தானாவே சொல்லும்."

இயக்குநரும் கண்காணிப்பாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் இந்த நாற்காலிக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. எழுத்துல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் இல்லைன்னு சொன்னதில்ல. 'பரிசீலனையில் உள்ளது'ன்னு சொல்வேன், 'உரிய நேரத்தில்'னு சொல்வேன். இல்லைன்னு சொல்லிட்டா அது ஒரு முடிவாயிடும். முடிவு எடுத்தா பொறுப்பு வரும். பொறுப்பு வந்தா பதில் சொல்லணும். எனக்கே இல்லாத அதிகாரத்தை நேத்துப் பொறந்த காற்புள்ளி நிரலுக்கு எப்படிம்மா குடுத்தீங்க?"

"அது சொல்றது தோல்வி இல்ல சார். 'இல்லை'ன்னு சொன்னாத்தான் கடிதம் சரியான ஆள்கிட்டப் போய்ச் சேரும்."

"அறிக்கையில 'தோல்வி'ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, பக்கம் ரெண்டு," என்றார் கண்காணிப்பாளர். அறிக்கையில் அவர் படித்த ஒரே சொல் அதுதான் போலிருந்தது. அதன் கீழ் மூன்று நிறத்திலும் கோடு போட்டிருந்தார்.

ஒன்பது குட்டிகளையும் ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். எட்டும் குற்றவாளிகள். ஒன்பதாவது மட்டும் வேறு மாதிரி. சிலர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்வார்கள், பலர் போடுவதில்லை. அதற்காக எழுதியது அது. பட்டம் இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் விட்டுவிடும், எப்படியிருந்தாலும் 'வெற்றி' என்று மட்டுமே சொல்லும்.

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுக்கு இல்லைன்னு சொல்லவே தெரியாதா?"

"தெரியாது சார். அது ஒரு சின்ன வேலைக்காக மட்டும்..."

"இதுதாம்மா அதிகாரி லட்சணம். மத்த எட்டையும் இதே மாதிரி ஆக்கிடுங்க."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எதுவுமே இல்லை என்று சொல்லாவிட்டால் எதை எங்கே தேடுவது என்று தெரியாமல் போகும் என்றாள். இயக்குநர் கனிவாகத் தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைத் தட்டச்சு அக்கா பார்த்தாள். நாற்பத்தோராயிரத்தில் பாதியைத் தன் கையால் அடித்தவள் அவள். இயக்ககத்தில் மனுக்களை நிஜமாகவே வாசித்த ஒரே ஆள் என்றால் அவள்தான், அதுவும் அடிக்கிற அவசரத்தில் தெரியாமல் நடந்துபோனது.

"உன் குட்டிங்க எப்படி இருக்கு?" என்றாள்.

"எட்டையும் ஆபீசர் ஆக்கச் சொல்லிட்டாங்கக்கா."

"ஆக்கிடு. இங்க ஆபீசர் ஆகாதது எதுவும் உருப்பட்டதில்ல. ஆனதும் உருப்பட்டதில்ல, அது வேற விஷயம்."

அடுத்த வாரம் பணி மூப்புப் பிரச்சினை கிளம்பியது. எதற்குப் பின் எது வர வேண்டும் என்பதைக் கடிதத்தின் அமைப்பைப் பார்த்து அவள் வைத்திருந்தாள். கண்காணிப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "எது முதல்ல எழுதின நிரல்?" என்று கேட்டார். எண் நிரல் என்றாள். "அப்ப அதுதான் சீனியர். சீனியரை உக்கார வச்சுட்டு ஊர்ப்பெயர் நிரல் முன்னால போச்சுன்னா நாளைக்குக் கோர்ட்டுல நான்தான் நிக்கணும்." எந்த மனுவும் எண்ணில் ஆரம்பிப்பதில்லையே என்று அவள் சொன்னாள். அது நியாயமான பேச்சு என்று கண்காணிப்பாளரே ஒப்புக்கொண்டு, அன்று மாலையே சுற்றறிக்கை அனுப்பினார். இனிமேல் பொதுமக்கள் தங்கள் மனுக்களை ஏதேனும் ஓர் எண்ணில் தொடங்க வேண்டும், எந்த எண் என்பது அவரவர் விருப்பம். மறுநாள் முதல் வரவேற்பறையில் 'எண் போட்டாச்சா?' என்று கேட்டுக்கேட்டே மனு வாங்கினார்கள். ஒரு பெரியவர் ஏழு என்று எழுதியதற்கு, முந்தைய ஆளும் ஏழு எழுதிவிட்டதாகச் சொல்லித் திருப்பியனுப்பினார்கள்.

தேதி பதினெட்டு. தங்கை போனில் தினமும் ஒரே கேள்வி கேட்டாள். "வாசிச்சுட்டாங்களாக்கா?" கம்ப்யூட்டரம்மா தினமும் ஒரே பதில் சொன்னாள். "நடந்துட்டிருக்குடி." இந்த அலுவலகத்துப் பேச்சு தன் வாயிலும் ஒட்டிக்கொண்டதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இருபதாம் தேதி கண்காணிப்பாளர் அவளைத் தனியாக அழைத்தார். முகத்தில் புதிதாக ஏதோ கண்டுபிடித்த களை.

"அம்மா, ராத்திரி பூரா யோசிச்சேன். இந்த நிரலுங்க கடுதாசியிலேர்ந்து எதையாவது எடுத்தாலும் வெற்றி, எடுக்காட்டியும் வெற்றி. சரிதானே?"

"நீங்க மாத்தச் சொன்னதுக்கு அப்புறம் அப்படித்தான் சார்."

"அப்புறம் எதுக்கு எடுக்கணும்?"

அவளுக்குப் புரியவில்லை.

"எடுத்தா தப்பா எடுத்துடலாம். ஒரு ஊருக்கு இன்னொரு ஊர்னு எடுத்துட்டா தணிக்கையில கேப்பான். எடுக்கலைன்னா எவன் என்ன கேக்க முடியும்? ரெண்டுக்கும் பலன் ஒண்ணுங்கறப்போ ஆபத்து இல்லாத வழியில போறதுதானே புத்திசாலித்தனம்? நான் சர்வீசுக்கு வந்ததுலேர்ந்து இந்தக் கொள்கைதான். முப்பது வருஷம், என் மேல ஒரு குறிப்பாணை கிடையாது."

அந்த முப்பது வருடத்தின் ரகசியத்தை அவர் இவ்வளவு பெருமையாகச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆணை எழுத்திலேயே வந்தது: குட்டி நிரல்கள் கடிதத்தைத் தொடாமல் வெற்றியைத் தெரிவித்தால் போதும்.

கடைசியாக ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கோத்து வைத்த ஒன்பதுக்கும் மேலே அவள் 'திரும்பத் திரும்ப' என்ற வழியை வைத்திருந்தாள். கடிதம் தீரும் வரை வாசிக்க அது வேண்டும். கீழே இருப்பது 'இல்லை' என்று சொன்னதும் நின்றுவிடும். இப்போதோ கீழே இருப்பதற்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியாது, கடிதத்தையும் தொடாது. முதல் கடிதத்திலேயே மாட்டிக்கொண்டு உலகம் உள்ள வரை ஓடும். இதை எடுத்துவிடுகிறேன் என்று அனுமதி கேட்டு ஒரு குறிப்பு எழுதினாள். 'இந்த நிலையில் நிரல் ஒருபோதும் நிற்காது' என்று சிவப்பில் அடிக்கோடிட்டாள். குறிப்பு மூன்று மேசை ஏறி இறங்கி, ஓரத்தில் இயக்குநரின் கையெழுத்துடன் திரும்பி வந்தது: 'பாராட்டத்தக்கது. நிரலின் திறப்பு விழாவில் குறிப்பிடவும்.'

அப்போதே அவள் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. திறப்பு விழாவில் எந்த மனுவை முதலில் வாசிக்கக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இயக்குநர் பெருந்தன்மையாக அவளிடம் விட்டிருந்தார். முதல் மனு தங்கையுடையதாக இருந்தால், பெரிய மனிதர்கள் எல்லோரும் பார்க்க இருந்தால், யாராவது ஒருவர் அதைப் பார்த்துக் கேட்காமலா போவார் என்று ஒரு நப்பாசை. மனதுக்குள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தவள் தானும் ஒரு சின்னச் சலுகைக்குக் கையேந்தினாள். தங்கையின் மனுவை முதலில் வைத்தாள். அன்று மாலையே கண்காணிப்பாளர் வந்து, அங்கீகரிக்கப்பட்ட நிரலில் யாரும் கை வைக்காதிருக்கும் பொருட்டு விசைப்பலகைக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

விழா இருபத்தைந்தாம் தேதி நடந்தது. மேலிடத்திலிருந்து செயலர் வந்தார். பொத்தானுக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். இயக்குநர் பேசினார்.

"மனிதன் வாசித்தால் களைப்பான். களைத்தால் தவறுவான். ஏன், சில நேரம் மனம் இளகி ஏதாவது செய்துவிடுவான். இந்த இயந்திரம் களைக்காது, இளகாது, நிற்காது. இதில் தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்கான இடத்தையே நாங்கள் நீக்கிவிட்டோம்."

கைதட்டல் அடங்கியதும் செயலர் பொத்தானை அழுத்தினார். சுவரளவு திரையில் 'வெற்றி 1' என்று வந்தது. பிறகு 'வெற்றி 2'. கைதட்டினார்கள். ஆயிரம் வந்தபோது எழுந்து நின்று தட்டினார்கள். லட்சம் தாண்டியபோது உட்கார்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். செயலர் முதலில் உட்கார, மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மனுவின் எழுத்து ஒன்றுகூடத் திரையில் வரவில்லை.

"நாற்பத்தோராயிரம் மனுவுக்கு இத்தனை லட்சம் வெற்றியா?" என்று செயலர் வியந்தார்.

"மனுவைவிட வெற்றி அதிகம் சார். அதுதான் எங்க சாதனை," என்றார் இயக்குநர்.

மாதக் கடைசி நாள். திரையில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சான்றும் வெளியே வரவில்லை, வாசித்து முடித்தால்தானே சான்று. கம்ப்யூட்டரம்மா பொறுத்தது போதும் என்று பதிவறைக்குப் போனாள். தட்டச்சு அக்கா மூட்டை அவிழ்த்து, தங்கையின் காகித மனுவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அதையும் தன் வீட்டு மடிக்கணினி பிரித்துக் கொடுத்த ஐந்து வரியையும் எடுத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடியில் இருந்த இடமாற்ற அலுவலரிடம் ஓடினாள்.

அவர் நல்ல மனிதர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவை வாய்விட்டே படித்தார். "'...விடுமுறையில் நான் வந்தால் என் மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். இரண்டு நாள் கழித்துத்தான் மடியில் உட்காருகிறாள். மூன்றாம் நாள் நான் கிளம்ப வேண்டியிருக்கிறது...'" நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முழுதும் படிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

"இந்த ஊர் ஆஸ்பத்திரியில நர்ஸ் இடம் மூணு காலியாத்தாம்மா இருக்கு. கேக்க ஆளில்ல." பேனாவைத் திறந்தார். பட்டியலில் கையை வைத்தார். "சான்று?"

"அங்க இன்னும் வாசிச்சு முடியல சார். ஆனா இப்ப நீங்களே வாசிச்சுட்டீங்களே."

"நான் வாசிச்சது மனுஷனா. ஆபீசா இன்னும் வாசிக்கலையேம்மா." பேனாவை மூடினார். அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. வருத்தப்படுவதற்குச் சான்று தேவையில்லை.

நாலரை மணிக்கு அவள் இயந்திர அறைக்குத் திரும்பினாள். மின்இணைப்பு சுவரில் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு, அரக்கு முத்திரையை உடைத்து, தன் பழைய ஒன்பது குட்டிகளையும் போட்டு ஓட்டினால் ஐந்து மணிக்குள் சான்று கைக்கு வந்துவிடும். கை வைத்துவிட்டாள். பின்னாலிருந்து கண்காணிப்பாளர் இருமினார்.

"பிடுங்குங்க, பிடுங்குங்க. எனக்கென்ன. வாசிப்புல இருக்கிற மனு பாதியில நின்னா, மனுதாரரே திரும்ப வாங்கிக்கிட்டதா அர்த்தம். விதி நாற்பத்திரண்டு. அப்புறம் மூணு வருஷத்துக்கு அவங்க மறுபடி மனுப் போட முடியாது."

அவள் கையை எடுத்தாள். சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தபோது எதிர்க் கட்டடத்தில் பட்டியலை மூடினார்கள். கண்காணிப்பாளர் திரையில் இருந்த எண்ணை மாதாந்திர அறிக்கையில் குறித்துக்கொண்டு, விளக்கை அணைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்திவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து குழந்தைக்குத் தட்டு வைக்கும்போது தங்கை கூப்பிட்டாள். குரலில் அவள் வெகு நாளாகக் கேட்காத ஓர் உற்சாகம்.

"அக்கா, இயக்ககத்து வெப்சைட்டுல என் மனு நிலவரம் பாத்தேன். நாலு கோடி தடவை வெற்றிகரமா வாசிச்சிருக்காங்களாம். நாலு கோடிக்கா. பட்டியல்ல என் பேர் எத்தனாவதா வந்திருக்கு?"

கம்ப்யூட்டரம்மா தட்டில் சோற்றைப் பிசைந்தாள்.

"வரலையா?"

"வரலடி."

மறுமுனையில் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி ஒன்று உருண்டுபோகும் சத்தம் கேட்டது. "நாலு கோடி தடவை படிச்சும் ஒரு தடவைகூடவா புரியல?" என்றாள் தங்கை. கோபமாகக் கேட்கவில்லை. தான் எழுதியதில்தான் ஏதோ குறை என்பது போலக் கேட்டாள்.

"ஒரு தடவைகூடப் படிக்கலடி. படிக்காமலே ஜெயிக்கிற மாதிரி ஒண்ணை எழுதச் சொன்னாங்க. எழுதிக் குடுத்தது நான்தான்." சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

தங்கை, "சரி விடுக்கா. அவ சாப்பிட்டாளா?" என்றாள்.

"சாப்பிட்டுட்டிருக்கா."

அந்த வருடத்தில் தங்கை கேட்ட கேள்விகளில் கேட்டவுடன் நல்ல பதில் கிடைத்தது அது ஒன்றுக்குத்தான்.